பெசகா இரவும் பெண்டிர் கடமையும்

நெய்யாறு கடலொடு கலக்கும் முகத்திலே அமைந்த ஊர் பொழியூர். ஆற்று நீர் மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலிற் புகும் இடத்தைப் 'பொழி' என்று வழங்குவது இக்கரையோர மக்களின் மரபு. இரு மொழிகள் கலக்கும் பொழியும் இதுவே எனலாம். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து உரையாடுவதைக் காணலாம். இங்குள்ள கிறித்தவ மக்கள் பெரிய வியாழன் என்று தமிழில் சொல்லும் நாளையே, மலையாளத்தில் 'பெசகா வியாழன்' என்று சொல்லுவர். பெசகா என்னும் சொல் தமிழுமன்று, மலையாளமுமன்று. 'பெசாக்' என்னும் எபிரேயச் சொல், சிரிய மொழியின் வழியாகக் கேரளக் கரையை அடைந்து, இன்று மீனவர் குடிலிலும் வழங்கும் சொல்லாயிற்று.

அச்சொல்லுக்கு உரியவர்களான யூத மக்களும் இக்கடற்கரையிலேதான் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். பொழியூருக்கு வடக்கே கொல்லம், அதற்கும் வடக்கே கொச்சி, பரவூர், சேந்தமங்கலம், மாளை என்னும் ஊர்களில் அவர்களுடைய பெசகா இரவுகள் நிகழ்ந்தன. அவ்விரவில் பெண்களுக்குரிய கடமை யாது, அக்கடமை எக்காரணத்தால் அவர்களுக்கு வந்தது, சட்டநூல் சொன்னதற்கும் வீட்டில் நடந்ததற்கும் இடைவெளி எவ்வளவு என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அவ்விரவின் இயல்பை அறிந்துகொள்ளுதல் வேண்டும். எகிப்து நாட்டில் அடிமைகளாக இருந்த இசுரவேல் மக்கள் விடுதலை பெற்று வெளியேறிய நிகழ்ச்சியை நினைவுகூரும் திருநாளே பெசாக். எபிரேய ஆண்டின் நீசான் மாதத்தில், முழுநிலவு நாளை ஒட்டி, அது வருகிறது. இசுரவேல் நாட்டில் ஏழு நாளும், பிற நாடுகளில் எட்டு நாளும் கொண்டாடப்படும் இத்திருநாளில், புளித்த மாவினால் ஆகிய எப்பொருளும் வீட்டில் இருத்தல் ஆகாது. எருசலேம் ஆலயம் நிலைத்திருந்த காலத்தில் ஆட்டுக்குட்டியைப் பலியிடுதலே விழாவின் நடுவாக இருந்தது. கி.பி. 70இல் உரோமர் அவ்வாலயத்தை அழித்தபின், பலிபீடத்தின் இடத்தை வீட்டு உணவு மேசை பெற்றது. அம்மேசையில் நிகழும் சடங்குக்குச் 'செதெர்' என்று பெயர். அச்சொல்லுக்கு 'ஒழுங்கு' என்பது பொருள். நான்கு கிண்ணம் திராட்சைமது அருந்துதல், மாத்சா எனப்படும் புளிப்பில்லா அப்பத்தை உண்ணுதல், அடிமை வாழ்வின் கசப்பை நினைவூட்டும் கசப்புக் கீரையை உண்ணுதல், விடுதலைக் கதையை 'ஹக்காதா' என்னும் நூலின்வழி எடுத்துரைத்தல், சுதந்தர மாந்தரைப்போல் இடப்புறம் சாய்ந்தமர்தல் ஆகியவை அவ்வொழுங்கின் உறுப்புகள்.

ஆலயத்தில் குருமார் செய்த பணி வீட்டுக்குள் வந்தபோது, வீட்டை ஆளும் பெண்ணின் நிலை என்னவாயிற்று? இவ்வினாவுக்கு யூத அறநூல்கள் தரும் விடை எளிதானதன்று.

கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்டத்தொகை ஒரு பொது விதியைக் கூறுகிறது. குறித்த காலத்தில் செய்யவேண்டிய ஏவற் கட்டளைகள் ஆண்களைக் கட்டுப்படுத்தும்; பெண்களுக்கு அவற்றிலிருந்து விலக்கு உண்டு. 'செய்யாதே' என்னும் விலக்குக் கட்டளைகளோ, ஒரு சிலவற்றைத் தவிர, இருபாலார்க்கும் பொது. இவ்விதிக்கு மிஷ்னா காரணம் கூறவில்லை. பின்வந்த அறிஞர் பலர் பல காரணம் கூறினர். 1340இல் ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் நூலியற்றிய தாவீது அபுதர்ஹாம் என்பார் கூறும் காரணம் வெளிப்படையானது. மனைவி கணவனின் ஏவலுக்கு உட்பட்டவள்; குறித்த நேரத்தில் இறைவனும் ஒரு பணியை ஏவினால், இரண்டு ஏவலுக்கும் இடையே அவள் அகப்பட்டுக்கொள்வாள்; ஆகவே இறைவனே தன் ஏவலைத் தளர்த்திக்கொண்டான் என்பது அவர் கருத்து. இறைவன் விட்டுக்கொடுத்த நேரத்தைக் கணவன் எடுத்துக்கொண்டான் என்பதே இதன் பொருள் என்று இன்றைய வாசகர் கூறினால், அதனை மறுத்தல் அரிது.

விலக்கு என்பது சலுகைதானே, அதில் குறை என்ன என்று சிலர் வினவலாம். யூத சமயச் சட்டத்தில் கடமையே மதிப்பின் அளவுகோல் ஆகும். கட்டளை பெற்றுச் செய்பவன், கட்டளை பெறாமல் தானாகச் செய்பவனினும் உயர்ந்தவன் என்று தால்முத் பெருநூல் கூறுகிறது. மேலும், ஒரு கடமைக்கு உட்படாதவர் அதைப் பிறர்பொருட்டு நிறைவேற்றித் தரவும் இயலாது. கடமை உடையவரே பிறர்க்காக ஓதலாம். பிறர் அவ்வோதலைக் கேட்டுத் தம் கடனைத் தீர்த்துக்கொள்ளலாம். ஆகவே 'பெண்ணுக்குக் கடமை உண்டா?' என்னும் வினாவின் உள்ளே, 'பெண் இந்தச் சமூகத்தின் முழு உறுப்பினளா?' என்னும் வினா மறைந்துகிடக்கிறது.

பெசகா இரவின் சடங்குகள் யாவும் குறித்த காலத்தில் செய்யவேண்டியவை. பொது விதியின்படி பார்த்தால் பெண்களுக்கு அவற்றிலிருந்து விலக்கு இருத்தல் வேண்டும். ஆனால் அங்கேதான் அறநூலார் வேறு வழியிற் சென்றனர்.

மாத்சா உண்ணுதலை எடுத்துக்கொள்வோம். மோசேயின் ஐந்தாம் நூல், புளித்ததை உண்ணாதே என்னும் விலக்கையும் புளிப்பில்லா அப்பத்தை உண் என்னும் ஏவலையும் ஒரே வசனத்தில் இணைத்துக் கூறுகிறது. புளித்ததை உண்ணாமை விலக்குக் கட்டளை. அது பெண்ணையும் கட்டுப்படுத்தும். ஒரு பாதி யாரைக் கட்டுப்படுத்துகிறதோ, மறுபாதியும் அவரையே கட்டுப்படுத்தும் என்று தால்முத் அறிஞர் எலெயாசார் முடிவு செய்தார். ஆகவே மாத்சா உண்ணுதல் பெண்ணுக்கும் வேதம் விதித்த கடமையே ஆயிற்று. இரு சொற்றொடர்கள் அடுத்தடுத்து நின்றமையால் ஓர் உரிமை பிறந்தது! நம் உரையாசிரியர்கள் ஒரு சூத்திரத்தின் சொற்கிடக்கையை வைத்துப் பொருள் காணும் முறையை அறிந்தவர்க்கு இந்நுட்பம் புதிதன்று.

நான்கு கிண்ணம் பற்றிய காரணம் வேறு. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த யோசுவா பென் லேவி என்னும் அறிஞர், நான்கு கிண்ணம் அருந்துதல் பெண்களுக்கும் கடமை என்று விதித்து, அவர்களும் அந்த அற்புதத்தில் இருந்தார்கள் என்று காரணம் கூறினார். பூரிம் திருநாளில் எஸ்தர் சுருள் கேட்பதற்கும், ஹனுக்கா திருநாளில் விளக்கேற்றுதற்கும் அவர் இதே காரணத்தைக் காட்டினார். ஆனால் 'இருந்தார்கள்' என்றால் என்ன? இவ்வொரு சொல்லின்மேல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு உரையாசிரியர்கள் வேறுபட்டனர். புகழ்பெற்ற உரையாசிரியர் ராஷியின் மகள்வயிற்றுப் பேரரான ரஷ்பாம், அற்புதம் பெண்களாலேயே நிகழ்ந்தது என்பதே அதன் பொருள் என்றார். பூரிம் எஸ்தரால், ஹனுக்கா யூதித்தால், எகிப்திய விடுதலை அத்தலைமுறையின் நல்லொழுக்கமுடைய பெண்களால் என்பது அவர் விளக்கம். மற்றோர், ஆண்கள் அடைந்த துன்பத்தையும் விடுதலையையும் பெண்களும் ஒக்க அடைந்தனர் என்பதே போதிய காரணம் என்றனர்.

ரஷ்பாம் கூறியதற்கு வேதநூலிலேயே அடிப்படை உண்டு. பிறக்கும் ஆண்குழந்தைகளைக் கொல்லும்படி பார்வோன் இட்ட ஆணைக்கு முதன்முதல் கீழ்ப்படிய மறுத்தவர் இருவர்; சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சியர். மோசேயை மூன்று மாதம் மறைத்து வைத்தவள் தாய். நாணற்பெட்டியை ஆற்றங்கரையில் நின்று காத்தவள் தமக்கை. எடுத்து வளர்த்தவள் பார்வோனின் மகள். விடுதலை வீரன் ஒருவன் தோன்றுவதற்கு முன்னே ஐந்து பெண்கள் அரச ஆணையை மீறிவிட்டனர். நல்லொழுக்கமுடைய பெண்களின் புண்ணியத்தாலேயே இசுரவேலர் விடுதலை பெற்றனர் என்று தால்முத் கூறுவது இதனாலேயாம்.

இனி, சாய்ந்தமரும் வழக்கத்தைக் காண்போம். பண்டை உரோமர் காலத்தில் சுதந்தரமுடைய செல்வர் விருந்தில் இடப்புறம் சாய்ந்து உண்டனர். அடிமைகள் நின்று பணிசெய்தனர். விடுதலையின் இரவிலே ஏழையும் செல்வரைப்போல் சாய்ந்து அமர்தல் வேண்டும் என்பது மிஷ்னாவின் விதி. ஆனால் கணவனுடன் இருக்கும் மனைவி சாயவேண்டியதில்லை என்றும், சிறப்புடைய பெண்ணாயின் சாய்தல் வேண்டும் என்றும் தால்முத் கூறுகிறது. மனைவி கணவனுக்கு அடங்கியவள் என்பதால் இவ்விலக்கு என்றார் சிலர். சாய்ந்தமர்தல் பெண்கள் வழக்கமன்று என்றார் வேறு சிலர். சிறப்புடைய பெண் யார் என்னும் வினாவுக்கு, இடைக்கால செருமனி நாட்டு அறிஞர், நம் பெண்கள் அனைவரும் சிறப்புடையவரே என்று விடையளித்தனர். போலந்து நாட்டுக் கிராக்கோவ் நகரின் மோசே இசெர்லசு, 1572இல் மறைந்தவர், இக்கருத்தை எடுத்தெழுதிவிட்டு, ஆயினும் நம் பெண்கள் சாய்வது வழக்கமில்லை என்று ஒரு வரியையும் சேர்த்தார். கொள்கையளவில் அனைவரும் சிறப்புடையோர். வழக்கத்தில் எவரும் சாய்வதில்லை! சட்டம் ஒன்று கூற வழக்கம் வேறொன்று செய்வது நமக்கும் பழக்கமான காட்சிதான்.

ஸ்பெயின், கீழை நாட்டு யூதர் பெரிதும் பின்பற்றுவது யோசேப்பு காரோவின் சட்டத்தொகை. பாலத்தீனத்துச் சாபேத் நகரில் எழுதப்பெற்று 1565இல் வெனிசு நகரில் அச்சாகிய அந்நூல், நான்கு கிண்ணத்துக்கு மட்டுமன்றி, அவ்விரவுக்குரிய கடமைகள் அனைத்துக்கும் பெண்கள் உட்பட்டவர் என்று தெளிவாக விதிக்கிறது. கொச்சி யூதரும் இம்மரபைச் சார்ந்தவரே.

விடுதலைக் கதையை எடுத்துரைக்கும் கடமை இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. செதெர் இரவில் மகன் தந்தையை வினவுதல் வேண்டும். இந்த இரவு மற்ற இரவுகளினின்றும் ஏன் வேறுபட்டது என்பதே அவ்வினா. மகனுக்கு அறிவு போதாதாயின் மனைவி வினவ வேண்டும். மனைவியும் இல்லையேல் தனக்குத்தானே வினவிக்கொள்ள வேண்டும் என்கிறது தால்முத். கதை கேள்வியில் தொடங்குவது. கேட்கும் உரிமை பெண்ணுக்கும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் எழுந்த 'ஹினூக்' என்னும் நூல், கதையை எடுத்துரைத்தல் ஆண் பெண் இருபாலார்க்கும் கடமை என்றே கூறுகிறது. அதனை மறுத்தோரும் உண்டு.

ஆனால் கேட்பவளுக்கு விளங்கா மொழியில் விடை கூறினால் பயன் என்ன? பெண்களுக்கும் சிறுவர்க்கும் விளங்கும் மொழியில் ஹக்காதாவைச் சொல்லுதல் அல்லது பொருளை விளக்குதல் வேண்டும் என்று இசெர்லசு விதிக்கிறார். இலண்டன் நகர அறிஞர் ஒருவர் முழு நூலையும் நாட்டு மொழியிலேயே ஓதிய முன்மாதிரியையும் காட்டுகிறார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்க்கு இவ்விதி பெருமகிழ்ச்சி தருவதாகும். மொழிபெயர்ப்பு இங்கே அலங்காரமன்று. பெண்ணின் கடமையை நிறைவேற்றுதற்குரிய கருவி.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. கொங்கணக் கரையிலிருந்து பம்பாய்க்கும் புனாவுக்கும் பரவிய பெனே இசுரவேல் என்னும் யூதப் பிரிவினர் மராத்தி பேசுவோர். எபிரேய மூலத்துடன் மராத்தி மொழிபெயர்ப்பும் கொண்ட ஹக்காதா 1846இல் பம்பாயில் கல்லச்சில் வெளிவந்தது. 1874இல் புனாவில் மற்றொரு மராத்தி ஹக்காதா படங்களுடன் வெளிவந்தது. அதில் ஒரு படம் புகழ்பெற்றது. சேலையுடுத்த பெண்கள் மாவு பிசைந்து, தேய்த்து, மாத்சா சுடும் காட்சி அது. பிற படங்கள் பல ஐரோப்பியப் பதிப்பைத் தழுவியவை. இந்தப் படமோ மராட்டிய நாட்டு அடுக்களையே. நூலின் வாயிலில் இந்தியப் பெண் தன் பணியுடன் நிற்கிறாள்.

அப்பணி எளிதன்று. மாவில் நீர் பட்டபின் வாளாவிருக்கும் நேரம் பதினெட்டு நிமிடத்தைக் கடந்தால், அது புளித்த மாவாகக் கருதப்படும். ஆகவே மிஷ்னாவே பணிப்பங்கீடு கூறுகிறது. மூன்று பெண்கள் சேர்ந்து வேலை செய்யலாம்: ஒருத்தி பிசைய, ஒருத்தி தட்ட, ஒருத்தி சுட வேண்டும். எல்லாப் பெண்களும் ஒரே தன்மையர் அல்லர். எல்லா விறகும் ஒரே தன்மையின அல்ல. எல்லா அடுப்பும் ஒரே தன்மையின அல்ல என்று அறிஞர் அகிபா அங்கே எச்சரிக்கிறார். ஈர விறகோடு மல்லாடிய எந்தத் தாயும் இவ்வறிஞரின் உலக அறிவை ஒப்புக்கொள்வாள்.

இனிக் கேரளக் கரைக்கு வருவோம். கி.பி. 849இல் வேணாட்டு அரசர் அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேட்டில், சான்றொப்பமிட்டோரில் சிலர் எபிரேய எழுத்தில் கையெழுத்திட்டுள்ளனர். பொழியூர்ப் பகுதியும் பிற்காலத்தில் வேணாட்டின் ஆட்சிப் பரப்பைச் சார்ந்ததேயாம். கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் இசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு சிறப்புரிமைகளையும் அளித்த செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. இவ்வாவணங்களில் காண்போர் யாவரும் ஆண்கள். ஆனால் கேரளத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டு யாருடையது? இசுரவேல் என்பவரின் மகள் சாராள் என்னும் பெண்ணின் கல்லறைக் கல் அது. 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல் இன்று சேந்தமங்கலத்து ஜெபக்கூடத்தின் முன் நிற்கிறது.

கேரளத்து ஜெபக்கூடங்களின் அமைப்பிலும் ஒரு தனித்தன்மை உண்டு. வேதச் சுருளை ஓதும் மேடை கீழே நடுவில் இருப்பதோடு, மாடத்திலும் ஒரு மேடை உண்டு. பெண்கள் அமரும் பகுதி அம்மாட மேடைக்கு நேர் பின்னே, சாலகத் தட்டியால் பிரிக்கப்பட்டிருக்கும். திருநாட்களில் வேதம் ஓதும் ஒலி ஆண்களினும் பெண்களுக்கே அண்மையில் எழுந்தது என்பது இதனால் விளங்கும்.

வீட்டிலோ பெசாக் பெண்களின் திருநாளாகவே இருந்தது. மட்டாஞ்சேரிச் சமூகத்துடன் தங்கி ஆராய்ந்த நாதன் காட்சு, எல்லன் கோல்டுபெர்க்கு ஆகியோர் 1993இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாகக் கூறியுள்ளனர். ஹனுக்கா முடிந்தவுடனேயே, மூன்று திங்களுக்கு முன்பே, ஆயத்தம் தொடங்கும். வீடு சுரண்டிச் சாயம் பூசப்பெறும். கிணறு இறைத்துக் கழுவப்பெறும். பெசாக்குக்கென்றே தனி அறையும் தனிப் பாண்டங்களும் உண்டு. அரிசி, மிளகு முதலியவை மீண்டும் மீண்டும் பார்த்துப் பொறுக்கிச் சேமிக்கப்பெறும். ஐரோப்பிய வட பகுதி யூதர் பெசாக் நாளில் அரிசி உண்ணார். கொச்சி யூதர் உண்பர். அரிசி இல்லாமல் கேரள வீட்டில் எட்டு நாள் எங்ஙனம் கழியும்? ஆனால் அவ்வரிசியில் ஒரு கோதுமை மணியும் கலந்திருத்தல் ஆகாது. அதைப் பொறுக்கிய கண்கள் பெண்களுடையவை. கிண்ணத்துக்குரிய மதுவும் உலர்திராட்சையிலிருந்து வீட்டிலேயே ஆக்கப்பட்டது.

இத்தூய்மைப் பேணலில் அண்டைவீட்டு மேற்குல இந்துக்களின் ஆசாரச் சாயல் இருப்பதை அவ்வறிஞர்கள் சுட்டுகின்றனர். இவ்வாயத்தத்தில் ஒரு பெண் தவறிழைத்தால் அவள் கணவன், மக்கள் ஆகியோரின் உயிருக்கே கேடு வரும் என்ற நம்பிக்கையும் அங்கு நிலவியது. இங்கே நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். சட்டநூல் பெண்ணுக்கு விதித்தவை சில மணி நேரக் கடமைகள். அவையும் ஆணுக்குச் சமமானவை. வழக்கமோ அவள்மேல் மூன்று திங்கள் உழைப்பையும் குடும்பத்தின் உயிரையே காக்கும் அச்சத்தையும் சுமத்தியது. கேரளத்துச் சிரியக் கிறித்தவர் பெசகா வியாழன் மாலையில் அரிசிமாவும் உளுந்தும் சேர்த்துப் புளிப்பில்லாமல் 'இண்டறி அப்பம்' செய்து, தேங்காய்ப்பாலும் வெல்லமும் கலந்த பெசகாப் பாலுடன் உண்பர். அங்கும் ஆக்குபவள் பெண். பிட்டுப் பகிர்ந்தளிப்பவர் குடும்பத் தலைவர். சமயம் வேறாயினும் அடுக்களை ஒன்றாகவே இருப்பது கருதத்தக்கது.

ஆயினும் கொச்சிப் பெண்களை உழைப்பாளராக மட்டும் காண்பது பிழையாகும். பெண் குரலை அயல் ஆடவர் கேட்டல் கூடாது என்று பிற நாட்டு யூதர் பலர் விலக்கியிருக்க, கேரளத்து யூதப் பெண்கள் ஆண்கள் முன்னிலையிலேயே பாடினர். எபிரேய எழுத்தைச் சிறுமியரும் பயின்றனர். ஜெபப்பாடல்களை ஆண்களுடன் சேர்ந்து பாடினர். இவையன்றி, மலையாளத்தில் அவர்களுக்கே உரிய பாடல்மரபு ஒன்றும் உண்டு. வேதக் கதைகள், திருமண வாழ்த்து, ஜெபக்கூடம் எழுப்பிய வரலாறு முதலியன பற்றிய அப்பாடல்களைப் பெண்கள் குறிப்பேடுகளில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கு வழங்கிவந்தனர். பி. எம். ஜுஸ்ஸே, ஸ்கறியா சக்கரியா, பார்பரா ஜான்சன் முதலிய அறிஞர்கள் அவற்றைத் தேடித் தொகுத்தனர். 2005இல் எருசலேமில் எபிரேய மொழிபெயர்ப்புடன் வெளிவந்த தொகுப்பின் பெயர் 'கார்குழலி'. அப்பெயருக்குத் தமிழர் அகராதி தேடவேண்டியதில்லை. யூத மலையாளத்தில் தமிழொடு நெருங்கிய பழஞ்சொற்கள் பல காக்கப்பட்டிருப்பதை மொழியறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆண்களின் சட்டநூலில் இடம் பெறாத வரலாறு பெண்களின் குறிப்பேட்டில் தங்கிற்று.

விடுதலையைப் பாடும் சமூகம் தன்னுள்ளேயே ஒரு தளையை வைத்திருந்ததையும் மறைத்தல் ஆகாது. 1568இல் எழுந்த மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெபக்கூடத்தினர், 'விடுவிக்கப்பட்டோர்' என்று பெயரிட்டு, முன்னாள் அடிமைகளின் வழிவந்த யூதரை ஒதுக்கி வைத்தனர். அவர்களுக்கு இருக்கையில் அமரவும் வேதம் ஓதவும் உரிமை இல்லை, மணவுறவும் இல்லை. முறைப்படி சமயத்தில் சேர்க்கப்பட்டவர் முழு யூதரே என்று, 1520ஆம் ஆண்டளவில் கொச்சியிலிருந்து சென்ற வினாவுக்கு, எகிப்து நாட்டுச் சட்ட அறிஞர் தாவீது பென் சிம்ரா விடையளித்திருந்தார். ஆயினும் வழக்கம் மாறவில்லை. ஆண்டுதோறும் செதெர் மேசையில், நாம் அடிமைகளாக இருந்தோம் என்று நினைவுகூர்ந்தவர்களே, அடிமைகளின் பேரர்களை வாயிற்புறத்தில் அமர்த்தினர். ஆபிரகாம் பராக் சேலம் என்னும் வழக்கறிஞர், 1882இல் பிறந்து 1967இல் மறைந்தவர், காந்தியடிகளின் அறப்போர் முறையை ஜெபக்கூடத்திலேயே கையாண்டு இவ்வநீதியை எதிர்த்தார். 1940களில் தடைகள் பெரிதும் தளர்ந்தன. அவ்வகுப்பின் குடும்பத்தில் 1912இல் பிறந்த ரூபி தானியேல், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியக் கடற்படையின் மகளிர் பிரிவில் பணிபுரிந்து, 1951இல் இசுரவேலுக்குச் சென்றார். 1995இல் பார்பரா ஜான்சனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட நினைவு நூல், கொச்சியின் வாழ்வை ஒரு பெண்ணின் வாய்மொழியில் உலகுக்குக் காட்டிற்று. கேட்கும் உரிமை பெற்றவள், இறுதியில் எடுத்துரைப்பவளாகவும் ஆனாள்.

1948இல் ஏறத்தாழ 2,500 பேராக இருந்த கேரள யூதருள் பெரும்பாலோர் 1950களின் நடுவில் இசுரவேலில் குடியேறினர். எஞ்சியோர் சிலரே. மட்டாஞ்சேரி யூதத் தெருவில் தையற்கடை நடத்தி, தொப்பிகளையும் திருநாள் அப்பத்தை மூடும் துணிகளையும் பூவேலை செய்து விற்றுவந்த சாராள் கோகன் அம்மையார் 2019 ஆகஸ்டில், தம் 96ஆம் வயதில் மறைந்தார். பரவூர், சேந்தமங்கலம் ஜெபக்கூடங்கள் காட்சியகங்களாயின. சமூகக் கூட்டுவழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது வழக்கு. அவ்வெண்ணிக்கை குன்றியபோது ஜெபக்கூடங்கள் ஓய்ந்தன. செதெருக்கு அத்தகைய எண்ணிக்கை இல்லை. ஒரு மேசையும், கேட்பதற்கு ஒருவரும், சொல்வதற்கு ஒருவரும் போதும். தனியே இருப்பவரும் தம்மைத் தாமே வினவிக்கொள்ளலாம் என்று முன்னோர் விதித்தது எத்துணைத் தொலைநோக்குடையது! ஆலயம் அழிந்தபின் சமயத்தைத் தாங்கியது வீடு. வீட்டைத் தாங்கியவள் பெண்.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது ஒன்று உண்டு. பெண்ணுக்குக் கடமை இல்லை என்று சொல்லுதல் சில வேளைகளில் அன்புபோல் தோன்றும். ஆனால் அது அவளுடைய பங்கை மறுக்கும் சொல்லாகவும் ஆகலாம். கடமையை அவளுக்கே உரித்தாக்கி உழைப்பை மட்டும் தருதலும் பங்கு ஆகாது. யோசுவா பென் லேவி கண்ட காரணம் இவ்விரண்டுக்கும் இடையே நேரிய வழியைக் காட்டுகிறது. துன்பத்தில் உடன் இருந்தவர், மீட்சியில் உடன் இருந்தவர், நினைவின் மேசையிலும் உடன் அமர்தல் வேண்டும். அமர்ந்தவர் கையில் கிண்ணமும் இருத்தல் வேண்டும். வினவுதற்கு வாயும், விளங்குதற்குத் தம் தாய்மொழியும் இருத்தல் வேண்டும். பெரிய வியாழன் மாலையில் 'பெசகா' என்னும் சொல்லை எடுத்தாளும் நம் கரையோர மக்களுக்கு, அச்சொல்லுடன் இப்பொருளும் உரிமையுடையதே.